டோக்கியோவிலிருந்து ஒரு பகல்: மூன்று பெரிய புத்தர்களில் யாரைப் பார்க்கப் போவது?

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள். இல்லையென்றால் வேலை விஷயமாக வந்த தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையை மிச்சம் பிடித்து வைத்திருப்பான். நிஷி கசாய் பக்கம் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் அப்போது தவறாமல் எழும் கேள்வி: "கடல் பக்கத்துல பெரிய புத்தர் சிலை இருக்காமே, போலாமா?" போகலாம். ஆனால் அப்படிப் போய்விட்டு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் பெரிய புத்தர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். காமகுராவில் ஒருவர், வெண்கலம், உயரம் 11.3 மீட்டர். டோக்கியோ விரிகுடாவுக்கு அக்கரையில் நோகோகிரி மலையில் ஒருவர். கல், 31 மீட்டர். வடகிழக்கே இபராக்கி மாகாணத்தில் உஷிகுவில் இன்னொருவர். அவர் 120 மீட்டர்.

உயரத்தை மட்டும் பார்த்தால் முடிவு சுலபம். உயரத்தை மட்டும் பார்த்துப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள் என்பது என் எண்ணம். ஜப்பானுக்கு முதல் முறை, ஒரே ஒரு நாள் என்றால், மூன்றிலும் சிறியவரான காமகுராவையே சொல்வேன். காமகுரா ஏற்கெனவே பார்த்தாயிற்று, முழங்கால் நன்றாக இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நோகோகிரி. உஷிகு யாருக்கு என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அதை முதலில் முடித்துவிடலாம்.

உஷிகு புத்தர் 1993-இல் திறக்கப்பட்டவர். எஃகுச் சட்டகம் எழுப்பி, அதன்மேல் வெண்கலத் தகடுகளைப் பொருத்திக் கட்டியது. உடல் 100 மீட்டர், பீடம் 20 மீட்டர். அமிதாப புத்தரின் ஒளியைப் பன்னிரண்டு பெயர்களால் போற்றும் மரபை ஒட்டி இந்த 120 என்கிறார்கள். வெண்கலத்தில் உலகிலேயே உயரமான புத்தர் சிலை என்று கின்னஸில் ஏறியது. கை மட்டும் 18 மீட்டர். காமகுரா புத்தரை அப்படியே தூக்கி இவர் உள்ளங்கையில் உட்கார வைத்துவிடலாம். உள்ளே மின்தூக்கி இருக்கிறது. 85 மீட்டர் உயரத்தில், நெஞ்சுப் பகுதியில் குறுகலான பிளவுகள் வழியே வெளியே பார்க்கலாம். ஒரு தளம் முழுக்கச் சுவரெல்லாம் சிறு தங்க நிறப் புத்தர்கள், மூவாயிரத்துக்கும் மேல். வெளியே பூந்தோட்டமும், முயலும் அணிலும் வளரும் சின்ன விலங்குப் பூங்காவும் உண்டு. குழந்தைகளுக்கு நன்றாகப் பொழுது போகும்.

குறை என்னவென்றால், இந்தச் சிலையின் அழகு தூரத்தில்தான். பேருந்து வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே போகும்போது, கூரைகளுக்கு மேலே திடீரென ஒரு தலை எழும் அல்லவா, அதுதான் அந்தப் பயணத்தின் உச்சம். கிட்டே போகப் போக முகம் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. நாம் பார்ப்பது அங்கியின் மடிப்பும் பீடமும்தான். கடலும் கிடையாது, சுற்றிலும் சமவெளி. டோக்கியோவிலிருந்து ஜோபன் ரயில் பாதையில் உஷிகு நிலையம் வரை சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து அரை மணி நேரப் பேருந்து, அதுவும் எண்ணிக்கையில் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் பொழுது நிலையத்திலேயே போய்விடும். சொந்தமாகவோ வாடகைக்கோ கார் இருந்து, கூடச் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் உஷிகு சரி. கடலோரக் கோயில் என்று மனதில் வைத்துக் கேட்டவர்களுக்கு இது விடை அல்ல.

இனி காமகுரா. டோக்கியோ நிலையத்தில் யோகோசுகா பாதை ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் காமகுரா. வழியில் ஓஃபுனா நிலையத்தில் வண்டி நிற்கும்போது வெளியே பாருங்கள். குன்றின் மேல் மரங்களுக்கு நடுவே மார்பளவு வெள்ளைக் கன்னோன் ஒன்று தெரியும். நம் நூல்கள் அவலோகிதேசுவரர் என்று சொல்லும் போதிசத்துவரேதான். இங்கே பெண் உருவில். 1929-இல் தொடங்கி, பாதியில் நின்று, போருக்குப் பின் 1960-இல் முடிந்தது, உயரம் 25 மீட்டர். தனியாக அதற்கென்று இறங்க வேண்டியதில்லை, ஜன்னல் தரிசனமே போதும். காமகுராவில் இறங்கி எனோடென் என்ற சிறு ரயிலுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் ஹசே. அங்கிருந்து நடை பத்து நிமிடம்.

புத்தர் இருக்கும் கோயிலின் பெயர் கோதோகு-இன். நுழைவு 300 யென். வாசல் தாண்டி உள்ளே போனதும் மண்டபம், கோபுரம் எதுவுமில்லாமல் திறந்த வானத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறார். முதலில் இப்படி இல்லை. ஜோகோ என்ற துறவி நன்கொடை திரட்டி 1243-இல் மரத்தில் ஒரு புத்தரை முடித்தார். பிறகு 1252-இல் வெண்கலத்தில் வார்க்கத் தொடங்கினார்கள். அதைச் சுற்றிப் பெரிய மண்டபமும் எழுந்தது. 1334, 1369 ஆண்டுகளில் அடித்த புயல்களும் 1498 நிலநடுக்கமும் மண்டபத்தை முடித்துவிட்டன. கடைசியில் அதை அடித்துக்கொண்டு போனது கடலலைதான் என்ற கதையும் ஊரில் உண்டு. மண்டபத்தின் தூண்களைத் தாங்கிய கற்கள் இன்னும் சிலையைச் சுற்றிக் கிடக்கின்றன. களைத்தவர்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டியது வார்ப்பு. சுவாமிமலைப் பக்கத்துச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஒரே வார்ப்பாக ஊற்றுவார்கள். 121 டன் எடையுள்ள சிலைக்கு அது நடக்காது. அதனால் கீழிருந்து மேலாக அடுக்கடுக்காக வார்த்திருக்கிறார்கள். ஓர் அடுக்கு இறுகியதும் அதன் மேல் அடுத்தது. அடுக்குகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி ஓரங்களில் பூட்டு வைத்திருக்கிறார்கள். உலோகத்தில் ஈயம் அதிகம்; சீனாவிலிருந்து வந்த பழைய செப்புக் காசுகளை உருக்கிச் செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இதெல்லாம் வெளியே நின்று பார்த்தால் தெரியாது. இன்னும் 50 யென் கொடுத்துச் சிலையின் வயிற்றுக்குள் போக வேண்டும். குறுகலான படி, இருட்டு, கோடையில் அடுப்படி வெக்கை. ஆனால் உள்ளே நின்று கையால் தடவிப் பார்த்தால் எந்த அடுக்கு எங்கே முடிந்தது என்று தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்துப் பகுதியில் வேறு நிறத்தில் ஒரு பூச்சு. 1923-இன் பெரும் நிலநடுக்கத்தில் பீடம் உடைந்து சிலை நகர்ந்தது. அதனால் 1960-61 பழுதுபார்ப்பில் கழுத்துக்குக் கண்ணாடி இழை பிளாஸ்டிக்கால் உள்ளிருந்து பலம் கொடுத்தார்கள். அடியிலும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்தார்கள். அடுத்த முறை பூமி குலுங்கினால் சிலை உடையாமல் சறுக்கிக் கொடுக்கும்.

இந்த 50 யென்னை மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்று இடங்களிலும் காசுக்கு மேல் கிடைப்பது இதற்குத்தான்.

வெளியே வந்து நேர் எதிரே நின்றால் ஒன்று புரியும். தலை உடலுக்குக் கொஞ்சம் பெரிது, முதுகு லேசாக முன்னால் குனிந்திருக்கிறது. நிமிர்ந்து பார்ப்பவருக்கு முகம் சிறுத்துவிடக் கூடாது என்று செய்த கணக்கு. அதனால்தான் 11 மீட்டர் உயரத்தில் இருந்தும் அவர் நம்மைப் பார்க்கிறார், 120 மீட்டர்க்காரரால் அது முடியவில்லை. கன்னத்தில் காதோரம் பழைய தங்கப் பூச்சின் சுவடும் தெரியும்.

வளாகத்தில் ஒரு கல்லைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1951-இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனா, ஜப்பானிடம் இழப்பீடு கேட்கப் போவதில்லை என்று அறிவித்தார். பகை பகையால் தணிவதில்லை, அன்பால்தான் தணியும் என்ற தம்மபத வாசகத்தையும் சொன்னார். ஜப்பானியர் அதை மறக்கவில்லை. 1991-இல் அந்த வாசகத்தைப் பொறித்து இங்கே கல் நாட்டியிருக்கிறார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது நாட்டின் ஜனாதிபதியும் அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த உறவினரைக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. எதிர்பாராமல் அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றால் அன்றைய நாளே வேறு மாதிரி ஆகிவிடும்.

காமகுராவின் குறைகள் இரண்டு. ஒன்று கூட்டம். வார இறுதியிலும் ஜூன் மாதத்து ஹைட்ரேஞ்சா பூக்காலத்திலும் எனோடெனில் ஏறவே வரிசை நிற்க வேண்டியிருக்கும். கோயில் காலை எட்டு மணிக்கே திறக்கிறது. ஒன்பதுக்குள் போய்ச் சேருங்கள். இன்னொன்று, கடலோரக் கோயில் என்று பெயரே ஒழிய, புத்தருக்கு முன்னால் நின்றால் கடல் தெரியாது. அதற்கு ஹசே நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஹசேதெரா கோயிலுக்குள் நுழைய வேண்டும். நுழைவு 400 யென். 9.18 மீட்டர் உயர மரக் கன்னோன், பதினோரு முகம், பொன் முலாம். படம் எடுக்க அனுமதி இல்லை, அதனாலேயே அங்கே அமைதி இருக்கிறது. ஒரே கற்பூர மரத்தில் இரண்டு சிலை செதுக்கி, ஒன்றைக் கடலில் விட்டதாகவும், அது பல ஆண்டு கழித்து இந்தப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் ஒதுங்கியதாகவும் தல புராணம். கோயிலின் மேடையிலிருந்து யுய்காஹாமா கடற்கரை முழுக்க விரிந்து தெரியும். படிகள் உண்டு, ஆனால் நிதானமாக ஏறிவிடலாம். கோதோகு-இன் ஏறக்குறைய சமதளம். வயதானவர்களுடன் போகிறவர்கள் ஹசேதெராவை விட்டுவிட்டாலும் புத்தரை நிம்மதியாகப் பார்த்துவிடலாம்.

நோகோகிரி மலை விஷயம் வேறு. இங்கே கடலும் உண்டு, மலையும் உண்டு, கூட்டமும் குறைவு. ஆனால் கால் இருக்க வேண்டும். நிஹோன்ஜி கோயில் 725-இல் கியோகி என்ற துறவி நிறுவியது. இன்று சோதோ ஜென் பிரிவைச் சேர்ந்தது. 329 மீட்டர் மலையின் தென்சரிவு முழுவதும் கோயில் நிலம்தான். அதிலுள்ள கற்படிகளை எண்ணினால் 2,639. பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் ஏறச் சொல்லவில்லை.

புத்தரின் மொத்த உயரம் 31.05 மீட்டர். கையில் மருந்துக் கிண்ணம் ஏந்திய மருத்துவ புத்தர். உடம்புக்கு முடியாதவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் இடம். 1783-இல் ஜிங்கோரோ என்ற கல்தச்சர் தன் சீடர்கள் 27 பேருடன் மலைப்பாறையிலேயே செதுக்கி முடித்தார். மழையும் காற்றும் அரித்துச் சிதைந்து போனதை 1969-இல் சீரமைத்து முடித்தார்கள். அழகு என்று பார்த்தால் காமகுரா முகத்துக்கு ஈடில்லை, கொஞ்சம் முரட்டு வேலைதான். ஆனால் மரக்கூட்டத்துக்கு நடுவே ஒரு திறந்த வெளியில், பாறையோடு பாறையாக அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

என்னைக் கேட்டால் இங்கே அவரைவிட முக்கியமானது அவரிடம் போகும் வழி. பாறை இடுக்குகளில், சிறு குகைகளில், ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அருகர்கள், அதாவது ஞானமடைந்த சீடர்கள், கல்லில் அமர்ந்திருக்கிறார்கள். அதே ஜிங்கோரோ குழு 21 ஆண்டு உழைத்துச் செதுக்கியவை. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் தூங்கி வழிகிறார், ஒருவர் எதையோ நினைத்து எரிச்சலாக இருக்கிறார். பலருக்குத் தலை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்ஜி பேரரசரின் ஆட்சி பௌத்தத்தையும் ஜப்பானின் பழைய சமயமான ஷின்தோவையும் பிரித்தபோது கிளம்பிய வெறியில் உடைக்கப்பட்டவை அவை. வெட்டுண்ட கழுத்துகளில் யாரோ கிடைத்த தலைகளைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள், சில பொருந்தவில்லை.

மலையின் மறுபக்கம் கல் குவாரி. எடோ காலம் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) தொட்டு 1985 வரை இங்கே கல் வெட்டினார்கள். யோகோசுகா, யோகோஹாமா துறைமுக வேலைகளுக்கு இந்தக் கல் போயிருக்கிறது. செங்குத்தாக வெட்டிய சுவர்கள் அப்படியே நிற்கின்றன. அதில் ஒரு சுவரில் 1966-இல் முடித்த சுமார் 30 மீட்டர் கன்னோன் இருக்கிறார். போரில் இறந்தவர்களுக்கும் சாலை விபத்தில் இறந்தவர்களுக்குமான நினைவு. அதற்கு நேர் மேலே வெட்டுவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைக்கு 'நரகத்தை எட்டிப் பார்க்கும் இடம்' என்று பெயர். கம்பி வேலி உண்டு, இருந்தாலும் அடிவயிறு ஒருமுறை கூசும். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் கீழே விரிகுடா, அதில் கப்பல்கள், அக்கரையில் ஃபூஜி. இந்தக் காட்சிக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். கோடையில் புழுக்கமும் மூட்டமும்தான் மிஞ்சும்.

போகும் முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலர் ஹமாகனயா நிலையத்தில் இறங்கி, கம்பிவட ஊர்தியில் நான்கு நிமிடத்தில் மேலே போய், புத்தர் வரை இறங்கி, பிறகு அத்தனை படியையும் மறுபடி ஏறி ஊர்திக்கே திரும்புகிறார்கள். தேவையில்லை. ஊர்தியில் ஒரு வழிச் சீட்டு மட்டும் எடுங்கள். மேலிருந்து பாறை முனை, அருகர்கள், புத்தர் என்று இறங்கிக்கொண்டே வந்து, கீழ்வாசல் வழியாக ஹோத்தா நிலையத்துக்கு நடந்துவிடலாம். பெரும்பாலும் இறக்கம்தான். இறக்கமும் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பது வேறு விஷயம். கார் இருந்தால் புத்தருக்கு அருகிலேயே வண்டி நிறுத்தம் உண்டு. பெற்றோரை அந்த வழியில் கூட்டிப் போனால் அருகர்களையும் பாறையையும் விட்டுவிட்டுப் புத்தரை மட்டும் சிரமமில்லாமல் பார்க்கலாம். கோயில் நுழைவு 700 யென். டோக்கியோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதியில் மணிக்கு ஒரு வண்டி என்ற கணக்கில்தான் ஓடும். மாலை நாலு மணியோடு கோயில் முடிந்துவிடுவதால் காலை சீக்கிரமே கிளம்பியாக வேண்டும்.

சாப்பாடு மூன்று இடத்திலும் சைவக்காரர்களுக்குத் திண்டாட்டம்தான். சோபா நூடுல்ஸ் பார்க்கச் சைவமாக இருக்கும், குழம்பில் காய்ந்த மீன் சாறு இருக்கும். காமகுராவில் கடைகள் அதிகம், ஏதாவது கிடைத்துவிடும். ஹமாகனயாவில் அஜி என்ற மீனை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். அசைவக்காரர்கள் அதற்காகவே போகலாம், மற்றவர்களுக்கு அங்கே அதிகம் வழியில்லை. புளியோதரை கட்டிக்கொள்வதுதான் உத்தமம். கோயிலுக்குள் பிரிக்காதீர்கள். யுய்காஹாமா கடற்கரையில் பிரிப்பதாக இருந்தால் மேலே வட்டமிடும் பருந்துகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதைக் கொத்திக்கொண்டு போகும். எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

மழை நாளில் நோகோகிரி வேண்டாம், கற்படி வழுக்கும். மழையில் காமகுரா மோசமில்லை. கூட்டம் குறையும், நனைந்த வெண்கலம் இன்னும் கரும்பச்சையாகத் தெரியும். உஷிகுவில் பாதி நேரம் சிலைக்குள்ளேதான் என்பதால் மழை பெரிதாகப் பாதிக்காது. ஆனால் மேலிருந்து ஒன்றும் தெரியாது.

காமகுரா, நோகோகிரி இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், இளவட்டங்களால். காமகுராவுக்குப் போகும் அதே யோகோசுகா பாதையின் கடைசி நிலையம் குரிஹாமா. 1853-இல் அமெரிக்கத் தளபதி பெரி வந்து இறங்கிய கரை அதுதான். அங்கிருந்து விரிகுடாவைக் குறுக்கே கடந்து, ஹமாகனயா நிலையம் இருக்கும் கனயாவுக்கு 40 நிமிடத்தில் படகு போகிறது, கார்களையும் ஏற்றும் பெரிய படகு. கனயாத் துறையிலிருந்து கம்பிவட ஊர்தி நிலையம் நடை தூரம். மலையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதுதான் முன்னால் மூடுகிறது. காலையில் சிபா வழியாக ரயிலில் போய் மலையைப் பார்த்துவிட்டு, மதியம் படகில் குரிஹாமா, அங்கிருந்து ரயிலில் காமகுரா. இந்தத் திட்டத்தில் மட்டும் ஊர்திக்கு இருவழிச் சீட்டு எடுத்துக் கனயாவுக்கே திரும்ப வேண்டும், ஹோத்தா பக்கம் இறங்கினால் படகுத் துறை விலகிப் போய்விடும். கோதோகு-இன் கோடையில் ஐந்தரை வரைக்கும், குளிர்காலத்தில் ஐந்து வரைக்கும் திறந்திருக்கும். ஆனால் வயிற்றுக்குள் போக நாலரைக்கு முன்பே சேர வேண்டும். பலத்த காற்றடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே படகு ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் காமகுராவை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு, ஊர்திக்கு ஒருவழிச் சீட்டே எடுத்து, ஹோத்தா பக்கம் நிதானமாக இறங்கி வாருங்கள்.